பிறர் நாவில் வாழ்ந்த புலவர்

1867ஆம் ஆண்டு உலக நாடக மேடைக்கு இரண்டு பெருமக்களை ஈந்த ஆண்டாகும். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் ஒரு குழந்தை பிறந்தது. செப்டம்பர்த் திங்களில் நம் தூத்துக்குடிச் சீமையில், காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில் மற்றொரு குழந்தை பிறந்தது. முன்னவர் ஃபுளோரன்ஸ் சீக்ஃபெல்ட். நியூயார்க் பிராட்வே அரங்குகளைத் தம் ஆட்சியில் வைத்திருந்தவர். 1907 முதல் ஆண்டுதோறும் ஆடல், பாடல், நகைச்சுவை நிறைந்த பெருங்காட்சிகளை வழங்கியவர். ஆன்னா ஹெல்ட், ஃபேனி பிரைஸ், மர்லின் மில்லர் முதலிய நட்சத்திரங்களை ஒளிரச் செய்தவர். பின்னவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

சீக்ஃபெல்ட் 1932இல் கடன் சுமையோடு மறைந்தார். எனினும் அவர் நாடு அவரை மறக்கவில்லை. 1936இல் அவர் வாழ்க்கை திரைப்படமாகி, ஆண்டின் சிறந்த படம் என்னும் ஆஸ்கார் பரிசையும் பெற்றது. 1978இல் அவரையும் அவர் வாழ்வில் இடம்பெற்ற நடிகையரையும் பற்றிய இசைப்படம் ஒன்று தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்டது. நம்மவருக்கு அத்தகைய வாய்ப்பு வரப் பன்னெடுங்காலம் ஆயிற்று. 2014இல் வெளிவந்த 'காவியத் தலைவன்' என்னும் திரைப்படத்தில் சிவதாஸ் சுவாமிகள் என்னும் பாத்திரத்தின் வழியே அவருடைய சாயல் ஓரளவு தென்பட்டது. அதுவும் வேறு பெயரில்தான்.

வேறு பெயரில், வேறொருவர் உருவில், வேறொருவர் குரலில் வாழ்வது சுவாமிகளுக்குப் புதியதன்று. அவருடைய வாழ்க்கை முழுவதும் அவ்வாறே அமைந்தது. கவிதை எழுதும் நண்பர்கள் நிறைந்த நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அவர் வரலாற்றை நினைவுகூர விரும்பியதற்கு அதுவே காரணம்.

கரிசலும் உப்பும்

தாமோதரனார் – பேச்சியம்மாள் இணையரின் மைந்தராக 7.9.1867 அன்று பிறந்த குழந்தைக்குச் சங்கரன் என்று பெயரிட்டனர். தந்தையார் தமிழ்க் கல்வி மிக்கவர். மகனுக்கு முதலாசிரியரும் அவரே. அடிப்படைக் கல்வி முடிந்தபின் இளைஞர் சங்கரன் பழனி தண்டபாணி சுவாமிகளை அடைந்து பாடங் கேட்டார். இலக்கணமும் யாப்பும் அவருக்குக் கைவந்தது அங்கேதான். வெண்பா, கலித்துறை, விருத்தம், சந்தம் ஆகியவற்றை இளமையிலேயே தயக்கமின்றிப் பாடும் ஆற்றல் அவரிடம் முகிழ்த்தது. உடுமலைச் சரபம் முத்துசாமிக் கவிராயர் அங்கு அவரோடு உடன் பயின்றவர்.

புலமை சோறிடும் காலமன்று அது. ஜமீன்களின் நிழலில் ஒதுங்கிய புலவர் சிலரைத் தவிர ஏனையோர் ஏதேனும் ஓர் அலுவலைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. சங்கரனாரும் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கராகச் சில காலம் பணியாற்றினார். நம் கடற்கரையின் உப்பு மூட்டைகளை எண்ணி வரவு வைத்த கையே பின்னாளில் தமிழ் மேடைக்கு ஆயிரக்கணக்கான பாடல்களை எழுதிக் கொடுத்தது என்பதை எண்ணுகையில் வியப்பு மேலிடுகிறது.

இருபத்து நான்காம் வயதில், 1891இல், கணக்கேட்டை மூடிவைத்துவிட்டு அவர் நாடகத்துறைக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். வழக்கறிஞர்களும் உயர் அலுவலர்களும் மாலை நேரத்தில் விருப்பத்துக்காக நடித்த சபை அது. நாடகம் ஆடுவது இழிவன்று என்று கற்றோர் நடுவே நிலைநாட்டிய பெருமை அதற்குண்டு. சுவாமிகள் நுழைந்த உலகம் வேறு. அது வயிற்றுக்காக ஆடியவர்களின் உலகம். மாட்டு வண்டியிலும் ரயிலிலும் ஊர் ஊராகத் திரை, பெட்டி, படுதாக்களோடு அலைந்தவர்களின் உலகம். ஊராரின் கைதட்டல் கிடைத்தாலும் ஊரார் வீட்டுத் திண்ணை கிடைக்காதவர்களின் உலகம்.

அச்சமூட்டிய நடிகர்

தஞ்சையில் மராட்டியக் குழுக்களின் செல்வாக்கால் புதுவகை மேடை நாடகம் பரவிய காலம் அது. அவ்வழியில் தோன்றிய குழுக்களுள் ஒன்றாகிய ராமுடு அய்யர், கல்யாணராமய்யர் ஆகியோரின் குழுவில் நடிகராகவும் நாடகாசிரியராகவும் சங்கரதாசர் சேர்ந்தார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் அவருக்குரியவையாயின. ஆஜானுபாகுவான தோற்றமும் இடிமுழக்கக் குரலும் அவ்வேடங்களுக்கு உயிரூட்டின.

அந்த உயிரோட்டமே அவருடைய நடிப்பு வாழ்வுக்கு முடிவும் கட்டிற்று. நாடகத்துறையினர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி இது. நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் வேடத்தைக் கலைப்பதற்காக அவர் நீர்நிலைக்குச் சென்றாராம். அங்கே துணி வெளுக்க வந்த பெண்ணொருத்தி, கருவண்ணம் பூசிய அவ்வுருவத்தைக் கண்ட மாத்திரத்தில் அஞ்சி வீழ்ந்து உயிர் நீத்தாளாம். மற்றொரு முறை சாவித்திரி நாடகத்தில் எமனாக மேடையில் பாய்ந்து வந்தபோது, பார்வையாளர் நடுவே இருந்த சூலுற்ற பெண்ணுக்குக் கரு கலைந்ததாகவும் கூறுவர்.

இவை எவ்வாறு நடந்தன என்பதைக் காட்டிலும், இவற்றால் அவர் செய்தது என்ன என்பதே நமக்கு வேண்டியது. வேறொரு நடிகராயின் இச்செய்திகளைத் தம் புகழுக்கு விளம்பரமாக்கியிருப்பார். அந்நாளைய நோட்டீசுகளில் கருவுற்ற பெண்கள் வரவேண்டா என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டுக் கூட்டம் சேர்த்திருப்பார். சுவாமிகளோ வேடத்தைக் களைந்தார். தம் திறமை ஓருயிரைக் கொன்றது என்னும் எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. மேடையில் தாம் தோன்றுவதினும் பிறரைத் தோன்றச் செய்வதே தமக்குரிய தொழில் எனத் தேர்ந்தார். தமிழ் நாடகத்தின் ஆசிரியர் ஒரு துயரத்திலிருந்து பிறந்தார் எனலாம்.

துறவும் தாளமும்

பின்னர் ஒரு நாள் அவர் நாடகத்தையே துறந்தார். காவி உடுத்துத் திருத்தலங்கள்தோறும் சென்று வழிபட்டார். முருகப்பெருமானிடத்து அவருக்கிருந்த பற்று அப்பயணத்தில் முதிர்ந்தது. சங்கரதாசர் சங்கரதாஸ் சுவாமிகள் ஆனது அப்போதுதான். அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை.

திருத்தலப் பயணத்தின் நடுவே புதுக்கோட்டையை அடைந்த சுவாமிகளைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை தம்மிடம் இருத்திக்கொண்டார். தாள உலகில் தமக்கெனத் தனிவழி கண்ட பெருங்கலைஞர் அவர். சுவாமிகளைத் தம் மகனாகவே ஏற்றுப் போற்றினார். யாப்பிலக்கணத்தில் சுவாமிகள் கற்றிருந்த சீரும் தளையும், மான்பூண்டியா பிள்ளையின் விரல் நுனியில் ஒலிக்கும் லயத்தோடு அங்கே கைகோத்தன.

இந்தச் சந்திப்பின் பயனைச் சுவாமிகளின் பாடல்களைப் பாடக் கேட்டவர் உணர்வர். ஏட்டில் படிக்கும்போது எதுகையும் மோனையும் மிகுதியோ என்று தோன்றும் வரி, ஆர்மோனியத்தோடும் மிருதங்கத்தோடும் எழும்போது இயல்பாகத் தன்னிடத்தில் வந்து அமர்கிறது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் மணலில் அமர்ந்திருக்கும் உழவருக்கும் சொல் சென்று சேர வேண்டும். எதுகை அங்கே அணியன்று. சொல்லை நெடுந்தூரம் சுமந்து செல்லும் ஊர்தி. ஒரு சொல் தவறிச் செவியில் விழாவிடினும் அடுத்த அடியின் எதுகை அதனை நினைவூட்டிவிடும். நடிகருக்கும் மனப்பாடத்துக்கு அதுவே துணை. எழுத்தறியாச் சிறுவன் நூறு பாடல்களை நெஞ்சில் நிறுத்திக்கொள்வதற்கு இதைவிடச் சிறந்த உபாயம் இல்லை.

மேடைக்கு ஓர் ஒழுங்கு

துறவு பூண்ட சுவாமிகளை நாடகம் மீண்டும் அழைத்துக்கொண்டது. வள்ளி வைத்தியநாதய்யர், அல்லி பரமேசுவரய்யர் முதலியோரின் குழுக்களில் அவர் ஆசிரியராக விளங்கினார். வள்ளி, அல்லி என்னும் நாடகப் பெயர்களே குழுத் தலைவர்களுக்கு அடைமொழியாக ஒட்டிக்கொண்டமையிலிருந்து அக்காலத்து நாடகங்களுக்கு மக்களிடம் இருந்த செல்வாக்கை அறியலாம்.

அந்நாளைய மேடையில் நடிகர்களே ஆசிரியர்கள். கதைப்போக்கு மட்டும் தெரிந்திருக்கும். வசனத்தை அவரவர் வாய்க்கு வந்தபடி பேசுவர். ஒருவரை ஒருவர் மடக்குவதற்காகக் கதைக்குத் தொடர்பில்லாத கேள்விகளைக் கேட்டுத் தருக்கம் புரிவர். காட்சி முடிவு எப்போது என்பது கைதட்டலைப் பொறுத்தது. சுவாமிகள் இந்நிலையை மாற்றினார். தொடக்கம் முதல் மங்களம் வரை பாடலும் உரையாடலும் வரையறுத்து எழுதினார். பாத்திரத்தின் தகுதிக்கேற்ற மொழியை அமைத்தார்.

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள், அல்லி அர்ச்சுனா, பிரகலாதன், சிறுத்தொண்டர், சதி அனுசூயா, சுலோசனா சதி, சீமந்தனி, லவகுசா, ஞானசௌந்தரி எனப் பட்டியல் நீளும். சூத்திரகரின் மிருச்சகடி வடமொழியிலிருந்தும், ரோமியோவும் ஜூலியத்தும் ஆங்கிலத்திலிருந்தும் அவர் வழியே தமிழ் மேடை கண்டன. ஏறத்தாழ 68 நாடகங்கள் அவர் இயற்றியவை என்பர். ஏட்டில் வடித்தவற்றை அடித்துத் திருத்தும் வழக்கம் அவரிடம் இல்லை என்று உடனிருந்து கண்டவர்கள் பதிவு செய்துள்ளனர். அறநூல்களிலும் சங்க நூல்களிலும் அவர் பெற்றிருந்த பயிற்சி, நாரதருக்கும் வள்ளிக்கும் இடையே நிகழும் உரையாடலிலும் கட்டியங்காரனின் பேச்சிலும் சர்வ சாதாரணமாக வெளிப்பட்டது. தமிழ்ப் பள்ளியின் வாசலையே மிதிக்காதவர்கள் இரவெல்லாம் விழித்திருந்து கேட்ட தமிழ் அது.

சிறுவர்களைத் தேடி

1910இல் சுவாமிகள் தாமே சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். செங்கோட்டையிலிருந்து வந்த சகோதரர்களுள் இளையவரான கிட்டப்பா என்னும் சிறுவன் பயிற்சி பெற்றது அங்கே. பின்னர் ஜெகந்நாத அய்யரின் பால மீன ரஞ்சனி சங்கீத சபையில் சுவாமிகள் ஆசிரியரானார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. பெண் வேடத்தில் பெயர் பெற்றிருந்த கண்ணுசாமிப் பிள்ளையின் மக்கள் சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோர் அவ்வாண்டிலேயே அதில் சேர்ந்தனர். பிற்காலத்தில் தமிழகம் போற்றிய டி.கே.எஸ். சகோதரர்கள் இவர்களே. சேர்ந்தபோது சண்முகத்துக்கு வயது ஆறு.

சுவாமிகள் சிறுவர்களை நாடியது ஏன்? எழுதிய பாடத்தை மதியாமலும், ஒழுக்கத்துக்குக் கட்டுப்படாமலும் திரிந்த முதிய நடிகர்களோடு போராடிச் சலித்த ஆசிரியரின் முடிவு அது. வளைந்து கொடுக்கும் நாவும், பழுதுபடாத நினைவாற்றலும், ஆசிரியரிடத்து அச்சமும் சிறுவர்களிடம் இருந்தன. பொழுது புலருமுன் எழுந்து குரல் பயிற்சி, பிறகு பாடம், பிறகு ஒத்திகை, இரவில் நாடகம். கம்பெனி வீடே குருகுலம். சுவாமிகள் கண்டிப்பு மிக்கவர். உச்சரிப்புப் பிழையை அவர் பொறுப்பதில்லை. லகர, ளகர, ழகர வேறுபாடுகளைத் தமிழ்நாட்டு மேடை பிற்காலத்தில் பேணிக்காத்த பெருமைக்கு அந்த அதிகாலைப் பாடங்களே வித்து.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. பாலர் சபைகளில் சேர்க்கப்பட்ட சிறுவர்களுட் பலர் வறுமை துரத்திய வீட்டுப் பிள்ளைகள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் பெற்றோர், உழைத்தவர் பிள்ளை. மகரக்கட்டு வந்து குரல் உடையும் பருவத்தில், முந்திய நாள் வரை ராஜபார்ட்டாகக் கைதட்டல் பெற்ற சிறுவன் மறுநாள் திரை இழுப்பவனாக மாறும் அவலமும் நேர்ந்ததுண்டு. வேறு தொழில் கற்கும் வயதும் அதற்குள் கடந்திருக்கும். கரையேறியவர் சிலர், கரையேறாதவர் பெயர் நமக்குத் தெரியாது. சீக்ஃபெல்டின் மேடையை அணி செய்த நூற்றுக்கணக்கான நங்கையருள்ளும் வரலாறு நினைவில் வைத்திருப்பது விரல்விட்டு எண்ணத்தக்கவர்களையே. நட்சத்திரங்களை உருவாக்கும் எந்த மேடைக்கும் இந்தக் கடன் உண்டு. சுவாமிகளின் மேடையும் அதற்கு விலக்கன்று.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சீக்ஃபெல்ட் தம் நட்சத்திரங்களுக்கு அளித்தவை பட்டும் இறகும் ஒளிவிளக்கும். நம் நாட்டிலும் காட்சி அமைப்பில் அத்தகைய வல்லவர் இருந்தார். ஸ்ரீகிருஷ்ண விநோத சபையை நடத்திய கன்னையாவின் தசாவதாரக் காட்சிகளைக் கண்டவர்கள் வாழ்நாள் முழுதும் அவற்றைச் சொல்லி மாய்ந்தனர். கிட்டப்பாவும் பின்னர் அங்கே சென்று புகழின் உச்சியை அடைந்தார். சுவாமிகளிடம் பட்டுமில்லை, ஒளிவிளக்குமில்லை. அவர் அளித்தது சொல் ஒன்றே. பட்டு நைந்துபோம்; கொட்டகை எரிந்துபோம். நாவில் ஏறிய சொல்லோ கம்பெனியை விட்டு வெளியேறும் சிறுவனோடும் உடன் சென்றது. அவனிடமிருந்து யாரும் பறிக்க முடியாத முதலாக அது இருந்தது.

ஓர் இரவு

சிறுவன் சண்முகத்தின் ஆற்றலைக் கண்ட சுவாமிகள், அவனை நாயகனாக வைத்து ஒரு நாடகம் எழுத எண்ணினார். ஓர் இரவு உணவுக்குப்பின் விளக்கையும் தாளையும் கொணரச் சொல்லி எழுத அமர்ந்தார். பிள்ளைகள் உறங்கிவிட்டனர். அவர்கள் கண்விழித்தபோது நாடகம் முழுமையும் எழுதி முடிக்கப்பட்டிருந்தது. நான்கு மணி நேரம் நடைபெறத்தக்க நாடகத்தின் பாடல்களும் உரையாடல்களும் ஓரிரவில் உருவாயின. அதுவே அபிமன்யு சுந்தரி. அந்த இரவைச் சண்முகம் தம் வாழ்நாளெல்லாம் வியந்து சொன்னார்.

கவிஞர்களாகிய நமக்கு இந்நிகழ்ச்சியில் விரைவு மட்டுமே புலப்பட்டால் அது போதாது. அந்தப் பாட்டெல்லாம் ஒரு குறிப்பிட்ட சிறுவனின் குரலுக்கு அளவெடுத்துத் தைத்தவை. அவன் மூச்சு எவ்வளவு நீளும், எந்தச் சொல்லில் நா தடுமாறும், எந்தத் தானத்தில் குரல் ஒளிரும் என்பதையெல்லாம் பல நாள் கவனித்து அறிந்த ஆசிரியர் ஓரிரவில் எழுதினார். எழுதிய நேரம் ஓரிரவு. எழுதுவதற்குக் காரணமான கவனிப்போ பல திங்கள்.

பேச்சிழந்த நாட்கள்

1921இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால்கள் செயலிழந்தன, பேச்சும் நின்றது. தமிழ் மேடைக்குச் சொல் வழங்கியவர் ஒரு சொல்லும் பேச இயலாதவரானார். சபை ஊர் விட்டு ஊர் சென்றபோது அவரும் உடன் சென்றார். அவர் எழுதிய வரிகளை அவர் பயிற்றிய பிள்ளைகள் நாள்தோறும் மேடையில் பேசினர், பாடினர். பிழை நேர்ந்தால் திருத்துவதற்கு ஆசிரியருக்கு நாவில்லை. நோயோடு ஓராண்டுக்கு மேல் போராடிய சுவாமிகள் 13.11.1922 அன்று புதுச்சேரியில் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்தைந்து.

புதுவைக் கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி அமைந்துள்ளது. எட்டயபுரத்தாராகிய நமக்கு அந்தப் பெயர் அறிமுகமானது. நம் ஊரில் 1882இல் பிறந்த மகாகவி, 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தபோது உலவிய குயில்தோப்பு அங்குதான் உள்ளது. நம் சீமையின் இரு பாவலர்களின் நினைவையும் அந்த ஒரே மண் தாங்கி நிற்கிறது. ஒருவர் சொல் அச்சேறி உலகெங்கும் சென்றது. மற்றவர் சொல் அச்சின் துணையைப் பெரிதும் நாடாமல், நடிகர்களின் நாவில் ஏறி ஊர் ஊராகச் சென்றது.

சொல் போன வழி

சுவாமிகளின் மாணவர்கள் பிரிந்து சென்று தத்தம் பாதை வகுத்தனர். சண்முகமும் சகோதரர்களும் 1925இல் தமக்கெனச் சொந்த சபை கண்டனர். சுவாமிகளின் வாழ்க்கையை நாம் இன்று இவ்வளவேனும் அறிவதற்குச் சண்முகம் எழுதியும் பேசியும் ஆற்றிய தொண்டே தலையாய காரணம். நாடகத் தமிழின் தலைமையாசிரியர் என்னும் பெயரைச் சுவாமிகளுக்கு நிலைபெறச் செய்தவரும் அவரே. மாணவர் ஆசிரியருக்குச் செலுத்திய நன்றிக்கடனுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்பதரிது.

கிட்டப்பா 1933இல் இருபத்தேழாம் வயதிலேயே மறைந்தார். அவரும் கே. பி. சுந்தராம்பாளும் முருகனாகவும் வள்ளியாகவும் தோன்றிய மேடைகளை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1934இல் பவளக்கொடி திரைப்படமாகித் தியாகராஜ பாகவதரைத் திரைக்கு அறிமுகம் செய்தது. விசுவநாததாஸ் வள்ளி திருமணத்தின் தினைப்புனக் காட்சியையே நாட்டு விடுதலைக்குப் படைக்கலமாக்கினார். தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் இடத்தில் வெள்ளையரை வெண்கொக்குகளாக உருவகித்துப் பாடியதற்காகச் சிறை சென்றார். அவர் பிறந்த சாதியைக் காட்டி உடன் நடிக்க மறுத்தவர்களும் உண்டு. அவர் பாட்டை மறுக்க அவர்களால் இயலவில்லை. 1940ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மேடையில் முருகன் வேடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி வட்டாரங்களின் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். ராஜபார்ட் ஓரூர், ஸ்திரீபார்ட் வேறூர், பபூனும் ஆர்மோனியக்காரரும் மற்றோரூர். அன்றிரவு மேடையில்தான் ஒருவரை ஒருவர் காண்பர். ஒத்திகை என்பதே இல்லை. ஆயினும் நாடகம் தடையின்றி நடக்கிறது. எங்ஙனம்? அவர்கள் அனைவருக்கும் சுவாமிகளின் பாடம் ஒன்றே பொது என்பதால்தான். ஒருவர் ஓரடியை எடுத்தால் மற்றவர் அடுத்த அடியைத் தொடுக்கிறார். நூறாண்டுக்கு முன் மறைந்த ஒருவர் அந்த அந்நியர்களை ஒரு குழுவாக்குகிறார்.

இதில் ஒரு முரணும் உண்டு. வாய்க்கு வந்தபடி பேசும் வழக்கத்தை ஒழிக்கவே சுவாமிகள் வரையறுத்து எழுதினார். இன்றைய ஸ்பெஷல் நாடக மேடையிலோ அவர் பாடல்களின் இடையிடையே நாட்டு நடப்பும் நகைச்சுவையும் தருக்கமும் நடிகர் திறத்துக்கேற்பப் புகுகின்றன, திரைப்பாட்டும் நுழைகிறது. சுவாமிகள் காணின் சினப்பாரோ, சிரிப்பாரோ? எதனை அவர் எதிர்த்தாரோ அதனுடைய தோளில் ஏறித்தான் அவர் பாடல்கள் இந்நாள் வரை வந்து சேர்ந்துள்ளன. தூய்மை காத்த ஏடுகள் பல செல்லரித்தன. கலப்புற்ற மேடை அவரைக் காத்தது.

நாம் செய்யக்கூடியது

புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயர் தாங்கி நிற்கிறது. மதுரையில் அவருக்குச் சிலை உண்டு. நாடகக் கலைஞர்கள் ஆண்டுதோறும் குருபூசை நடத்துகின்றனர். அவரைக் குருவாகக் கொண்டோர் கடமையில் தவறவில்லை.

தவறியவர்கள் கவிஞர்களாகிய நாமே என்று சொன்னால் மிகையாகாது. அவர் எழுதியவற்றுள் இன்று கிடைப்பவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். எஞ்சியவை கம்பெனிப் பெட்டிகளோடு அழிந்தன. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கவிதை வரலாறு எழுதும் நூல்களுட் பல அவரை நாடகத்துறையாளர் என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடுகின்றன. அவர் புராணக் கதைகளையே பெரிதும் பாடினார். புதிய காலத்தின் கேள்விகளை எழுப்பவில்லை. பெண்ணின் கற்பைப் பற்றி அவர் நாடகங்கள் பேசுவன பலவும் இன்று நமக்கு உடன்பாடாகா. இக்குறைகளை மறுப்பதற்கில்லை. ஆயினும் எழுத்தறியாப் பெரும்பான்மை மக்கள் தம் வாழ்நாளில் கேட்ட கவிதை எது என்று வினவினால், விடை அவரிடம்தான் சென்று முடியும். கேட்போரைப் பெற்ற கவிஞரை நாம் வாசகரைப் பெறவில்லை என்பதற்காகத் தள்ளிவைத்தோம்.

எட்டயபுரம் சொல்லையும் இசையையும் போற்றத் தெரிந்த ஊர். உமறுப் புலவரின் அடக்கத்தலமும் முத்துசாமி தீட்சிதரின் நினைவிடமும் இங்கே உள்ளன. 1904இல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி அச்சேறியதும் இவ்வூரிலேதான். பாடல்களைச் சுரக்குறிப்போடு ஏட்டில் ஏற்றிக் காப்பாற்றியதற்கு நம் ஊரே சான்றாக நிற்கையில், அண்டை ஊர்க்காரராகிய சுவாமிகளுக்கு அப்பணியைச் செய்ய நம்மைத் தவிர வேறு யாரைத் தேடுவது?

நம் வட்டம் பத்தாண்டுகளில் எத்தனையோ கூட்டங்களில் கவிதை வாசித்திருக்கிறது. பதினோராம் ஆண்டில் ஓர் இரவையேனும் சுவாமிகளுக்கு ஒதுக்குவோம். நம் வட்டாரத்தில் எஞ்சியுள்ள முதிய நடிகர்களையும் ஆர்மோனியக் கலைஞர்களையும் அழைத்து, அவர்கள் நெஞ்சில் உள்ள பாடல்களை அவர்கள் குரலிலேயே பதிவு செய்வோம். பாடம் வேறுபடுமிடங்களைக் குறித்து வைப்போம். அவர்களுள் ஒருவர் மறையும்போது ஒரு நாடகத்தின் கடைசிப் படியே மறையக்கூடும்.

தம் பெயர் முன்னே நிற்க வேண்டும் என்று அவாவாமல், தம் சொல்லைப் பிறர் நாவில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றவர் சுவாமிகள். கவிதைக்குக் கீழே நம் பெயரை அச்சிட்டுப் பார்த்து மகிழும் நமக்கு அவர் வாழ்வில் கற்க வேண்டிய பாடம் உண்டு. வருகிற திருவிழாவில் எங்கேனும் வள்ளி திருமணம் நடைபெறுமாயின், நண்பர்கள் முதல் வரிசை நாற்காலியை விடுத்துக் கடைசியில் மணலில் சென்று அமர்ந்து கேளுங்கள். அங்கும் சொல் தெளிவாக வந்து சேரும்.